ஐப்பசித் தளிர்

வேதவல்லியின் நைனா குடையை மடக்காமலேயே பாஸ்கெட்பால் பார்க்க உட்கார்ந்தார்.

சித்தூரில், மாசி மாதத்துச் சாயங்கால வெயிலில், ஒரு வேப்பமரத்தடியில். மரமே நல்ல நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு குடை. பின்னால் இருந்தவர்கள் தமிழில் கேட்டுப் பார்த்தார்கள், தெலுங்கில் கேட்டுப் பார்த்தார்கள். மனுஷன் அசையவில்லை. பெண்பிள்ளைகள் பைஜாமா மாட்டிக்கொண்டு ஓடுவதைத் தான் உட்கார்ந்து பார்ப்பது ஊர்க்காரர் யார் கண்ணிலாவது பட்டுவிடுமோ என்ற பயம். நாகலாபுரம் எங்கே, சித்தூர் எங்கே. ஆனாலும் பயம் பயம்தானே.

நான் எங்கள் டீமின் பெஞ்சில் ஒரு கோடியில், தண்ணீர்க் கூஜாவோடு இருந்தேன். பக்கத்தில் வேதவல்லி. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து நசுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்கப் பயந்து உட்கார்ந்திருந்தாள்.

"நைனா இன்னா பண்றாரு?"

"குடை புடிச்சிக்கினு கீறாரு."

"மூஞ்சி எப்பிடி கீது?"

"குடைதான்டி தெரியுது."

ஆட்டம் பாதி முடிந்துவிட்டது. வேதவல்லி இன்னும் பெஞ்சில்தான் இருந்தாள். இன்றைக்கு அவள் ஆடாவிட்டால், அவளுடைய தகரப் பெட்டி திருப்பதி ஹாஸ்டலை விட்டு நாகலாபுரம் போய்விடும். படிப்பு அதோடு சரி. அவள் நைனா அப்படித்தான் பேசிவைத்திருந்தார். அந்தப் பேச்சை இழுத்துவிட்டவள் நான். அவளை டீமில் சேர்க்கச் சொல்லி எல்லோர் உயிரையும் எடுத்தவளும் நான்தான்.

பார்த்துக்கொண்டிருந்தவள்

போன வாரம் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "நீங்கள் காலேஜில் ஏதாவது விளையாடினீர்களா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பக்கத்தின் மேலே என் படத்தைப் போடுகிறார்களே, அதைப் பார்த்த பிறகுமா இந்தச் சந்தேகம்?

ஆடவில்லை தாயே. ஆசைப்பட்டுப் போய் நின்றது நிஜம். வந்த முதல் பந்தே என் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. எங்கள் விளையாட்டு ஆசிரியையை நாங்கள் டிரில் மிஸ் என்று கூப்பிடுவோம். ஒல்லியான அம்மாள், அதிகம் பேச மாட்டார். உடைந்த கண்ணாடியைப் பொறுக்கி என் கையில் கொடுத்து, "நீ பாத்துக்கிட்டிரு, போதும்" என்றார்.

போய்விடு என்பதைத்தான் மரியாதையாகச் சொன்னார். எனக்கு அது உறைக்கவில்லை. மறுநாளும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு மறுநாளும் போனேன். துரத்தவும் முடியாமல், கடைசியில் கையில் ஒரு கூஜாவைக் கொடுத்துவிட்டார்.

திருப்பதியில் எங்கள் கோர்ட் செம்மண் தரை. சுண்ணாம்பில் கோடு. இரும்பு வளையம் இருக்கும், வலை இருக்காது. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ரோடு. மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு ரயிலுக்குத் திரும்புகிறவர்கள் சுவரோரம் நின்று எட்டிப் பார்ப்பார்கள். சுவர் நெடுக மொட்டைத் தலைகளாக இருக்கும், சந்தனம் காய்ந்து வெடித்து. பந்து சுவரைத் தாண்டி விழுந்தால் ஏதாவது ஒரு மொட்டை கோவிந்தா போட்டுத் திருப்பி எறியும்.

இன்றைக்கும் அரைத்த சந்தனம் எங்கே மணந்தாலும் எனக்குச் சாமி ஞாபகம் வருவதில்லை. செம்மண்ணில் பந்து குதிக்கிற சத்தம்தான் வருகிறது. சாமி கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

எனக்கு அங்கே பெயர் 'அத்தாலு'. தெலுங்கில் மூக்குக்கண்ணாடி. என் சொந்தப் பெயர் வருகைப் பதிவில் மட்டும்தான் இருந்தது.

தளிரைப் பார்க்கிற கண்

நான் பங்காருபாளையத்துக்காரி. என் நைனா மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுக்கிறவர். காய் கண்ணுக்கே தெரியாத காலத்தில், இந்தத் தோப்பு இந்த வருஷம் எப்படிக் காய்க்கும் என்று கணித்துப் பேசி முடிக்க வேண்டும். அதுதான் தொழில்.

மற்றவர்கள் தை மாதம் பூவைப் பார்த்துவிட்டுப் பேச வருவார்கள். நைனா ஆடி, ஆவணியிலேயே கிளம்பிவிடுவார். அப்போது பழமெல்லாம் இறங்கித் தோப்பில் ஈ காக்கா இருக்காது. எந்த மரம் செம்பு நிறத்தில் புதுத் தளிர் விட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்ப்பார். அந்தத் தளிர் முற்றித்தான் தையில் பூக்கும்.

போன வருஷம் குலுங்கக் குலுங்கக் காய்த்த மரம் பெரும்பாலும் தளிர் விடாமல் சும்மா நிற்கும். அதற்கு இது ஓய்கிற வருஷம். போன வருஷம் ஏமாற்றிய மரம் இந்த வருஷம் கொட்டும். மாமரத்தின் குணம் அது.

இதை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. நைனாவுக்குச் சோறு கொண்டுபோகிற சாக்கில் தோப்பில் சுற்றியதில் தானாக ஒட்டிக்கொண்டது. நைனா சொன்னதெல்லாம் பலித்தது என்றும் நினைக்காதீர்கள். ஒரு கோடையில் ஒரு தோப்பே அவரைக் கவிழ்த்துவிட்டது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் யார் தும்மினாலும் சண்டை.

இந்த ஞானத்தை மட்டும் வைத்துக்கொண்டுதான் நான் பாஸ்கெட்பால் பார்க்க உட்கார்ந்தேன். எனக்கு வேறு என்ன தெரியும்?

விமலா காய்த்த வருஷம்

விமலா என்னைவிட ஒரு வருஷம் மூத்தவள். சித்தூர்ப் பெண். வீட்டில் தெலுங்கு, வெளியில் எங்களோடு தமிழ். நல்ல நெட்டை. நான் சேர்ந்த வருஷம் முழுக்க அவள் எறிந்த பந்து வளையத்தைத் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் பட்டது. மறுவருஷம் டீமுக்கு ஆள் எடுக்கும்போது அவளை ஒதுக்கி நிறுத்திவிட்டார்கள்.

நான் கூஜாவைக் கீழே வைத்துவிட்டு, "மிஸ், விமலாக்காவ வுட்றாதீங்க" என்றேன்.

"ஏன்?"

"போன வருஷம் காய்க்கல. இந்த வருஷம் கொட்டும்."

மிஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் சும்மா அடித்துவிடவில்லை. லீவு முடிந்து வந்ததிலிருந்து விமலாவிடம் ஒன்றைக் கவனித்திருந்தேன். முன்பெல்லாம் பந்தை எறிந்த பிறகுதான் வளையத்தைப் பார்ப்பாள். இப்போது எறிவதற்கு முன்னாலேயே பார்த்தாள். லீவில் சித்தூர் வீட்டுக் கொல்லையில் ஒரு கூடையை ஆணியடித்து மாட்டி, அண்ணன்கள் சிரிக்கச் சிரிக்க எறிந்துகொண்டிருந்தாளாம். பிறகு அவளே சொன்னாள்.

சேர்த்துக்கொண்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, கொட்டித் தீர்த்துவிட்டாள். அந்த வருஷம் மொட்டைத் தலைகள்கூட அவள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்கள். அதற்கு மறுவருஷம் அவள்தான் கேப்டன். எனக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டது. "அத்தாலு, இந்த வருஷம் யாரு?" என்று என்னைக் கேட்காமல் யாரும் பந்தைத் தொடுவதில்லை.

மரியாதை வந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நான் இருந்தேனா? ஆவணியில் ஒருநாள் சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ கேட்க, ரசத்தைப் பிசைந்துகொண்டே, "யாருன்னு இன்னும் தெரியல. ஆனா விமலாக்காவுக்கு இது ஓயற வருஷம்" என்று சொல்லிவிட்டேன்.

விமலா என் முதுகுக்குப் பின்னால் மோர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள்.

"என்னை மரமாவே ஆக்கிட்டியாடி?" என்றாள். டம்ளரை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு என்னோடு பேச்சு இல்லை. ஆட்டத்தின் நடுவில் தண்ணீருக்கு வருவாள், என்னைப் பார்க்காமலேயே கையை நீட்டுவாள், குடித்துவிட்டுப் போவாள். அது அவளுக்குக் கடைசி வருஷம் வேறு. பரீட்சை முடிந்ததும் நெல்லூர்ப் பக்கம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. என் வாய் அப்படி. கல்யாணமான பிறகும் அது மாறவில்லை. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்திருந்தால் அதைப் பற்றி அவரே இந்தப் பத்திரிகையில் ஒரு தொடர் எழுதியிருப்பார்.

மழையில் பந்து

அந்த வருஷம் ஐப்பசி மழை விடவே இல்லை. கோர்ட்டில் தவளைதான் ஆடியது. டீம்காரிகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குரோஷா ஊசியில் லேஸ் பின்னினார்கள்.

வேதவல்லி அப்போது முதல் வருஷம். நாகலாபுரத்து விவசாயக் குடும்பம். டீமுக்கு வெளியே இரண்டாம் வரிசையில் ஆடுகிறவள். யார் கண்ணிலும் படாதவள். பந்தை வளையத்துக்கு எறியச் சொன்னால், எறியலாமா வேண்டாமா என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

மழையில் அவளுக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. பந்தை எடுத்துக்கொண்டு ஹாஸ்டல் தாழ்வாரத்தின் ஒரு மூலையில் நிற்பாள். யார் அந்தப் பக்கம் வந்தாலும், சொல்லாமல் கொள்ளாமல் அவர்களிடம் பந்தை எறிவாள்.

வார்டன் திட்டினார். நாங்களும் திட்டினோம். ஆனால் இரண்டு நாள் கழித்து எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. ஒருத்தர் மேலும் பந்து இடிக்கவில்லை. வலது கையில் வாளியோடு போனவளுக்கு இடது கை மடிப்பில் போய் உட்கார்ந்தது. தலைக்குக் குளித்துவிட்டு ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு வந்தவளுக்கு மற்றொரு கையில். சமையற்கார அம்மா தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு வந்தபோது பந்தைக் கையிலேயே வைத்திருந்தாள். தட்டை இறக்கி வைத்த பிறகுதான் எறிந்தாள். அந்த அம்மாவும் பிடித்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் சிரித்தார்.

யாருக்கு எந்தக் கை சும்மா இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மற்றவர்கள் எல்லோரும் பந்தைப் பார்த்து ஆடினார்கள். அவள் ஆட்களைப் பார்த்தாள்.

பிறகு ஒருநாள் எனக்கும் எறிந்தாள். கண்ணாடி உடைந்த நாளிலிருந்து பந்து என் பக்கம் திரும்பினாலே நான் குனிந்துகொள்வேன். அன்றைக்குக் குனிய நேரமில்லை. பார்த்தால் பந்து என் இரண்டு கைக்குள் இருக்கிறது. கண்ணாடி மூக்கின் மேலேயே இருக்கிறது. என் ஆயுசில் நான் பிடித்த ஒரே பந்து அது.

நனைந்துகொண்டே டிரில் மிஸ் வீட்டுக்கு ஓடினேன். "மிஸ், தளிர் வுட்டுடுச்சு."

என் பாஷை அவருக்குப் பழகிவிட்டிருந்தது. "யாரு?" என்று மட்டும் கேட்டார்.

கார்த்திகை முழுக்க அவர் காலைச் சுற்றி வந்து வேதவல்லியை டீமில் சேர்க்கவைத்தேன். ஆனால் ஆடுகிற ஐந்து பேரில் அவள் இல்லை. அந்த ஐந்து பேரும் நன்றாகத்தான் ஆடினார்கள். அவர்களை எதற்காகக் கலைப்பது? மிஸ் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஊர் எந்தப் பக்கம்

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. ஆனால் எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் மெட்ராஸ் பக்கம் என்ற பேச்சு தீர்ந்தபாடில்லை. எல்லை முடிவாகிவிட்டது என்று ஒருநாள் சொல்வார்கள். இன்னும் பேசுகிறார்கள் என்று மறுநாள் சொல்வார்கள். பஸ்ஸில் ஏறினால் இதே பேச்சு. எங்கள் பங்காருபாளையத்தில் அதைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் குறைவு. நாகலாபுரத்துப் பக்கம் அப்படியில்லை. வேதவல்லி வீட்டில் தினமும் சாப்பாட்டோடு அதுதான் பரிமாறப்பட்டது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது என் நைனாவிடம் வேதவல்லியைப் பற்றிப் பெருமையாக அளந்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எப்போ தளிர் வுட்டுச்சுன்ற?" என்றார்.

"ஐப்பசியில."

சிரிக்க ஆரம்பித்தவர், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி சிரித்தார். "அடிப் பைத்தியமே. ஐப்பசித் தளிர் முத்தறதுக்குள்ள தை வந்து பூடுமே. அது இந்த வருஷம் வெறும் எலதான். பூவெல்லாம் அடுத்த வருஷம்."

"அவ இன்னா மரமா நைனா?"

"நீதானடி மரம்ன."

தோப்பில் பிறந்து வளர்ந்தவள் இதில் போய்த் தப்பு விடலாமா? ஆடித் தளிரும் ஐப்பசித் தளிரும் ஒன்றா? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தக் கலக்கத்தோடு ஹாஸ்டலுக்குத் திரும்பினால், வாசலில் வேதவல்லியும் அவள் நைனாவும். அவளைக் கொண்டுவந்து விட வந்திருந்தார். அப்போதும் அந்தக் குடை கையில்.

"ஊரே எந்தப் பக்கம் போவுதுன்னு தெரியல, பாப்பா" என்று என்னிடம்தான் சொன்னார். "இதுல இவ எந்த ஊருக் காலேஜில படிச்சிக்கினு இருக்கறது? ஊத்துக்கோட்டையாண்ட ஒரு எடம் வந்திருக்குது. நல்ல எடம். இவ என்னமோ பந்தாட்டம் கீது, வர முடியாதுன்றா."

"டீம்ல சேத்திருக்காங்க நைனா" என்றாள் வேதவல்லி.

"சேத்தாங்க சரி. ஆட வுட்டாங்களா?"

அவளுக்குப் பொய் வராது. "பெஞ்சில கீறேன்" என்றாள்.

"பெஞ்சில குந்தறதுக்கு இன்னாத்துக்குத் திருப்பதி? வூட்லயே குந்தலாமே."

நியாயமான கேள்விதான். நான் பேசாமல் இருந்திருக்கலாம். "மாசியில சித்தூர்ல பெரிய மேட்ச்சு, மாமா. வந்து பாருங்க. இவ இல்லாம ஆட்டமே நடக்காது" என்றேன்.

அவர் வேதவல்லியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வரேன். ஆடினான்னா, அப்புறம் இன்னான்னு பாக்கலாம். குந்திக்கினு இருந்தான்னா, மறுநாளே வந்து பெட்டிய எடுத்துக்கினு பூடுவேன்" என்றார்.

சாயங்காலத்துக்குள் ஹாஸ்டல் முழுக்க இந்தச் செய்தி பரவிவிட்டது. பரப்பியது யார் என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

வேப்பமரத்தடிக் குடை

சித்தூருக்கு ரயிலில் பாகாலா வழியாகப் போனோம். கண்ணெல்லாம் கரித்தூள். ஹாஸ்டலில் கட்டிக்கொடுத்த புளியோதரையில் வேதவல்லி ஒரு வாய்கூடத் தின்னவில்லை. விமலா ஜன்னலோரம் உட்கார்ந்து தன் ஊர் வருவதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு அது கடைசி மேட்ச். அதுவும் சொந்த ஊரில். அவள் அம்மா, கூடையைப் பார்த்துச் சிரித்த அண்ணன்கள், தெருவில் பாதிப் பேர் என்று ஒரு கூட்டமே வந்து எதிர்ப்பக்கம் நின்றது.

என்னமாய் ஆடினாள் அன்றைக்கு. ஓய்கிற வருஷமாம், ஓய்கிற வருஷம். அவள் எழும்பி எறியும்போதெல்லாம் நான் சொன்னது எனக்கே கேட்டு, கூஜாவுக்குள் தலையை விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. அப்படி ஆடுகிறவளை எடுத்துவிட்டு வேதவல்லியை விடுங்கள் என்று எந்த முகத்தோடு மிஸ்ஸிடம் கேட்பேன்?

இரண்டாவது பாதியும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சமமாக வந்துகொண்டிருந்தார்கள். வேதவல்லியின் நைனா ஊர் போய்ச் சேரப் பிடிக்க வேண்டிய புத்தூர் கடைசி பஸ் கிளம்புகிற நேரம் நெருங்கியது. வேப்பமரத்தடியில் குடை எழுந்தது.

"நைனா எழுந்துட்டாரு" என்றாள் வேதவல்லி.

அந்த நேரம் ஆட்டம் கொஞ்சம் நின்றது. விமலா தண்ணீருக்கு வந்தாள். கையை நீட்டினாள். கூஜாவைக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே வேதவல்லியைப் பார்த்தாள். தொடைக்கு அடியில் நசுங்கிக்கொண்டிருந்த அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு திரும்பி, கூட்டத்துக்கு நடுவில் நகர்ந்துபோகிற குடையைப் பார்த்தாள். கூஜாவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆட்டம் தொடங்கியது. முதல் பந்துக்கே எழும்பினாள். இறங்கும்போது காலைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று உட்கார்ந்துவிட்டாள்.

மிஸ் ஓடினார். எதிர்ப்பக்கத்தில் விமலாவின் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். விமலா ஒருத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். "வேதாவை விடுங்க, மிஸ்" என்றாள்.

மிஸ் அவள் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு வேதவல்லியின் முதுகில் கை வைத்து உள்ளே அனுப்பினார்.

"மாமா, வேதா ஆடறா" என்று நான் கத்தினேன். சித்தூரே திரும்பிப் பார்த்தது. குடையும் நின்றது. திரும்பி வந்து அதே வேப்பமரத்தடியில் நின்றவர், பின்னால் இருந்தவர்கள் ஒன்றும் சொல்லாமலேயே குடையை மடக்கி மரத்தில் சாய்த்தார்.

நான் அவசர அவசரமாக விமலாவின் காலில் தண்ணீரை ஊற்றித் தேய்த்தேன்.

"அந்தக் கால் இல்லடி" என்றாள் மெதுவாக.

நிமிர்ந்து பார்த்தேன். ஆவணியிலிருந்து என்னோடு பேசாதவள், கண்ணை ஆட்டத்தை விட்டு எடுக்காமலேயே பேசினாள்.

"நீதானே சொன்ன, இது நான் ஓயற வருஷம்னு. ஓயறேன், போ."

சொல்லும்போது அவள் கண் நிறைந்திருந்தது. சரியான காலுக்கு மறுபடி தண்ணீர் ஊற்றினேன்.

வேதவல்லி ஆடினாள். ஹாஸ்டல் தாழ்வாரத்தில் ஆடியதைத்தான் ஆடினாள். எங்கள் பெண்கள் திரும்பும் முன்பே பந்து அவர்கள் கையில் இருந்தது. எந்தக் கை சும்மா இருக்கிறதோ அந்தக் கையில். ஒருமுறைகூட அவள் வளையத்துக்கு எறியவில்லை.

ஒரே ஒரு பந்தில் நாங்கள் தோற்றோம்.

விமலா ஆடியிருந்தால் கோப்பை எங்களுக்குத்தான். மிஸ்ஸுக்குத் தெரியும். டீமில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்லவில்லை, அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகு பேரன் பேத்தி எடுத்து எங்காவது கல்யாணத்தில் சந்தித்துக்கொண்டபோதும் சொல்லவில்லை. எனக்கு வாழ்க்கையில் நிறையப் பேர் நிறையக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தன் ஊரில், தன் அம்மா கண் முன்னால், தன் கடைசி ஆட்டத்தை எடுத்து, நான் போட்ட கணக்குக்காக இன்னொருத்தி கையில் கொடுத்தவள் விமலா ஒருத்திதான். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் நெஞ்சு நிறைந்து போகிறது. அவளுக்கு நான் பட்ட நன்றிக்கடன் இந்த ஜன்மத்தில் தீராது.

கூட்டம் கலைந்தது. வேதவல்லியின் நைனா எங்களிடம் வந்தார். வேதவல்லி பைஜாமாவின் மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்து நின்றாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இன்னா ஆட்டம் இது? கைக்கு வர்ற பந்தையெல்லாம் எடுத்து எடுத்து அவங்களுக்கே குடுத்துக்கினு கீற. அந்த ரெட்டை ஜடை இருக்குதே, குடுத்ததெல்லாம் வெளியிலயே போட்டுது. அவகிட்ட போய் மறுபடி மறுபடி குடுக்கற."

ரெட்டை ஜடைக்காரி பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அடுத்த வருஷம் நீயே போடு" என்றார்.

சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

வேதவல்லி என் கையை எலும்பு நொறுங்கப் பிடித்தாள். "இன்னா சொன்னாரு?"

"அடுத்த வருஷம்னாரு."

"நெஜமா சொன்னாரா?"

"அடுத்த வருஷம்னுதான்டி சொன்னாரு." பங்காருபாளையத்தில் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து என் நைனா சிரித்ததும் அதே வார்த்தையைச் சொல்லித்தானே. அடுத்த வருஷம் அவள் எப்படிப் பூத்தாள் என்பது அந்தக் காலத்துத் திருப்பதிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் விமலா வேப்பமரத்தைப் பார்த்தாள். குடை அங்கேயே சாய்ந்திருந்தது. எழுந்து ஒரே ஓட்டமாக ஓடி அதை எடுத்துக்கொண்டு, "மாமா, குடை, குடை" என்று மைதானம் முழுக்கக் கடந்து பஸ் நிற்கிற இடம் வரைக்கும் ஓடினாள். அவள் அம்மா பார்த்தாள், அண்ணன்கள் பார்த்தார்கள். மிஸ் விசிலை முந்தானையில் துடைத்துக்கொண்டே பார்த்தார்.

கொடுத்துவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தவள், எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்தாள். அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல் சட்டென்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நொண்டினாள்.

"அந்தக் கால் இல்லக்கா" என்றேன்.

அவள் காலைக் கீழே விட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.